டாம் அண்ட் ஜெர்ரில அந்த அம்மாவுக்கு மொகம் எங்க?

வாசகர் கேள்வி, 5 ஏப்ரல் 2025

எலி, பூனை, நாய் அடிச்சுக்கிற படத்துல போய் இனம், நிறம், பிரதிநிதித்துவம்னு தேடுறாங்களே, இது தேவையா? நாமல்லாம் சின்ன வயசுல பாத்து சிரிச்சோம், யாரும் கெட்டுப் போகல. இப்போ டாம் அண்ட் ஜெர்ரி முன்னாடி கூட எச்சரிக்கை வாசகம் போடுறாங்க. என் பையனுக்கு அஞ்சு வயசு. பழைய படங்களைக் காட்டலாமா வேணாமான்னு ஒரு வார்த்தைல சொல்லுங்க.

6 ஏப்ரல், ஞாயிறு காலை

காட்டலாம். ஒரு வார்த்தை கேட்டீங்க, சொல்லிட்டேன். ஆனா கேள்வியோட மொத பாதிய என்னால அப்படியே விட முடியல.

எலிக்கும் பூனைக்கும் இனம் கிடையாது, சரி. ஆனா அந்த வீட்டுல ஒரு மனுஷி இருக்காங்களே. கையில தொடப்பம், இடுப்புல வெள்ளை ஏப்ரன், கருத்த காலு, தேஞ்ச செருப்பு. அவங்களுக்கு மொகமே வராது. நான் பள்ளிக்கூடத்துல படிக்கும்போது பாத்தது அத்தனையும் இந்தக் காலுதான். கார்ட்டூன் நெட்வொர்க் இந்தியாவுக்கு வந்தது 1995, எங்க தெருவுல கேபிள் வந்ததும் சாயங்காலம் அதே வேலை. அந்தக் காலு ஓடி வந்தா டாமுக்கு அடி விழப் போகுதுன்னு அர்த்தம், அவ்வளவுதான் நமக்கு. அது யாரு, அந்த வீட்டுல அவங்களுக்கு என்ன வேலைன்னு நான் ஒரு நாளும் யோசிச்சதில்ல. பூனையும் எலியும் எப்படி முழிக்கும்னு இன்னைக்கும் கண்ணு முன்னாடி நிக்குது, இந்த அம்மா எப்படி இருப்பாங்கன்னு மட்டும் தெரியல.

6 ஏப்ரல், இரவு

காலைல எழுதினதுக்கு அப்புறம் கொஞ்சம் விவரம் சேக்கணும்னு தோணுச்சு.

டாம் அண்ட் ஜெர்ரிய உருவாக்குன ஹன்னாவும் பார்பெராவும் எம்ஜிஎம் ஸ்டூடியோவுல எடுத்த மொத படம் 'புஸ் கெட்ஸ் த பூட்', 1940 பிப்ரவரி 10 ரிலீஸ். அதுல பூனை பேரு டாம் கூட இல்ல, ஜாஸ்பர். டாமும் ஜெர்ரியும் இன்னும் பொறக்கவே இல்ல, ஆனா அந்த அம்மா அப்பவே அங்க இருக்காங்க. இன்னும் ஒரு சாமான் ஒடைஞ்சுதுன்னா வெளிய அனுப்பிருவேன்னு பூனைகிட்ட சொல்றாங்க, சொல்லும்போது 'அவுட்'டுக்கு ஓ-டபிள்யூ-டீன்னு எழுத்துக்கூட்டுறாங்க. அதுதான் ஜோக். அவங்களுக்குப் படிப்பு இல்ல, அதனால நாம சிரிக்கணும்.

அவங்களைச் சொல்ற பேரு மம்மி டூ ஷூஸ். 'மம்மி'ங்கறது அமெரிக்காவுல வெள்ளைக்காரங்க வீட்டுப் புள்ளைங்கள வளத்துவிட்ட கறுப்பினப் பொம்பளைங்களக் கூப்பிட்ட பேரு. அடிமைக் காலத்துல இருந்து வந்தது. 1940-ல இருந்து 1952 வரைக்கும் 19 படத்துல அவங்க வர்றாங்க. அதுல பெரும்பாலும் குரல் குடுத்தது லில்லியன் ராண்டால்ஃப், ரேடியோ நாடகத்துல பெரிய பேரு வாங்கின நடிகை. டைட்டில் கார்டுல அவங்க பேரு கிடையாது.

இன்னொண்ணு. அந்தப் படம் வந்த அதே மாசம், 1940 பிப்ரவரி 29 ராத்திரி, ஹாட்டி மெக்டேனியலுக்கு ஆஸ்கர் கெடச்சுது. கறுப்பினத்தவருக்குக் கெடச்ச மொத ஆஸ்கர் அது. எந்த வேஷத்துக்கு? 'கான் வித் த விண்ட்' படத்துல மம்மி வேஷத்துக்கு. லாஸ் ஏஞ்சல்ஸ் அம்பாசடர் ஹோட்டல்ல விழா நடந்துச்சு, கூட நடிச்சவங்க எல்லாம் ஒரு மேசைல, அவங்களுக்கு மட்டும் செவுரு ஓரமா தனி மேசை.

இதைப் படிச்சப்போ எனக்கு எங்க அம்மாச்சியோட தனி டம்ளர் ஞாபகம் வந்துச்சு. அதை அப்புறம் எழுதுறேன், இப்ப தூங்கப் போறேன்.

7 ஏப்ரல்

ஒருத்தர் கேட்டிருக்கார்: "கேமரா பூனையோட ஒசரத்துல இருக்கு, அதான் மனுஷங்களுக்குத் தலை தெரியல, இதுல என்ன அரசியல்?"

நல்ல கேள்விதான். பாதிக்கு மேல நானும் ஒத்துக்கிறேன். எலியோட உலகம் தரையில இருந்து ஒரு அடி, அதுக்கு மேல இருக்கிறது எல்லாம் மலை மாதிரி. செருப்பு சத்தம் கேட்டா பயம் வரணும், அதுக்கு மொகம் தெரியக் கூடாது. படம் எடுக்கறவங்களுக்கு அது கைகண்ட உத்தி.

ஆனா 1956-ல வந்த 'பிஸி படீஸ்' பாருங்க. கொழந்தையப் பாத்துக்க வந்த பொண்ணு ஜீனி, போனை கீழ வைக்காம பேசிக்கிட்டே இருப்பா, கொழந்தை எங்க தவழ்ந்து போச்சுன்னு கூடத் தெரியாது. அவளுக்கு மொகம் இருக்கு. கண்ணு, மூக்கு, குதிரைவால் முடி எல்லாம் இருக்கு. அவளும் சம்பளத்துக்கு வேலை பாக்க வந்தவதான், கேமரா அவளுக்கு மட்டும் மேல ஏறிக்குச்சு.

9 ஏப்ரல், மதியம்

அம்மாச்சி பத்தி.

எங்க அம்மாச்சி மதுரையில மூணு வீட்டுல வேலை பாத்தாங்க. பாத்திரம், துணி, தரை. அதுல ஒரு பெரிய வீட்டுல பின்வாசல் பக்கம் குழாயடிக்கு மேல ஆணியில ஒரு எவர்சில்வர் டம்ளர் கவுத்து வச்சிருக்கும், அது அம்மாச்சிக்கு. காப்பியைக் கொஞ்சம் தூக்கித்தான் ஊத்துவாங்க, பாத்திரம் டம்ளர்ல பட்டுறக் கூடாது. லீவு நாள்ல நான் கூடப் போவேன், எனக்குத் தேங்கா பத்தை குடுப்பாங்க, கெட்டவங்கன்னு சொல்ல மாட்டேன். ஆனா இருபது வருஷம் வேலை பாத்த வீட்டுல அவங்க பேரு வெறும் 'வேலைக்காரம்மா'. அந்த வீட்டுப் புள்ளைங்களுக்கு அம்மாச்சியோட சொந்தப் பேரு தெரியாது.

சாயங்காலம் எங்க வீட்டுக்கு வந்து காலை நீட்டி ஒக்காந்தாங்கன்னா நான் கார்ட்டூன் போட்டிருப்பேன். ஒரு நாள் ஓடுனது 'மவுஸ் கிளீனிங்', 1948-ல வந்தது. பேரு அப்போ எனக்குத் தெரியாது, பின்னால தேடித்தான் கண்டுபிடிச்சேன். அந்த அம்மா தரையத் தொடைச்சு முடிக்கிறாங்க, டாம் சேத்துக் காலோட உள்ள ஓடி வருது, பளபளன்னு இருந்த தரை பூராவும் கால்தடம். நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். அம்மாச்சி சிரிக்கல. "எடுபட்ட பூனை, தொடச்ச எடத்துலயே மிதிக்குது பாரு"ன்னு ஒரு அதட்டு போட்டாங்க, நிஜமாவே கோவம். மொழங்காலைத் தேச்சுக்கிட்டே இருந்தாங்க, பல வருஷம் குத்தவச்சு தொடச்சு தொடச்சு மொழங்கால் ரெண்டும் தோல் தடிச்சு கன்னங்கரேல்னு இருக்கும்.

அத்தனை வருஷமா அந்தப் படங்க ஓடுது, அந்த அம்மா பக்கம் நின்னு பாத்த ஒரே ஆளு எனக்குத் தெரிஞ்சு எங்க அம்மாச்சிதான். நாமல்லாம் எலி கட்சி, இல்லன்னா பூனை கட்சி.

9 ஏப்ரல், கொஞ்ச நேரம் கழிச்சு

அந்தப் படத்தோட முடிவை எழுதாம விட்டா நேர்மையா இருக்காது. கடைசில வீட்டுக்குள்ள நிலக்கரி கொட்டிரும், டாம் மேல பூராவும் கரி. அந்த அம்மா வந்து "இங்க ஒரு பூனையப் பாத்தியா"ன்னு கேக்குறாங்க, டாம் அப்போ ஒரு சோம்பேறிக் கறுப்பின ஆளு மாதிரி இழுத்து இழுத்துப் பேசித் தப்பிக்கப் பாக்கும். அந்தக் காலத்து சினிமாவுல கறுப்பின ஆம்பளைன்னா இப்படித்தான் காட்டுவாங்க. இந்த ஜோக்குக்காகத்தான் பின்னாடி டிஸ்க் போடுறப்போ இந்தப் படத்தையே விட்டுட்டாங்க. 2013-ல வர வேண்டிய தொகுப்புல இதையும் 'காஸநோவா கேட்'டையும் சேக்கலன்னதும் சேகரிக்கிறவங்க சண்டைக்கு வந்தாங்க, கடைசில அந்தத் தொகுப்பே வரல.

அம்மாச்சி மொழங்காலைத் தேச்சுக்கிட்டு பாத்த படமும் இதுதான், இப்படி ஒரு அசிங்கத்துல முடியறதும் இதே படம்தான். ரெண்டையும் பிரிச்சு எடுக்க எனக்குத் தெரியல.

10 ஏப்ரல்

வெடி வெடிச்சதும் மொகம் கறுத்து, ஒதடு தடிச்சு, முடி குட்டிக் குட்டி ரிப்பனா நிக்குமே, அதைப் பத்தி ரெண்டு பேர் கேட்டிருந்தாங்க. அது வெறும் கரி கிடையாது. அமெரிக்காவுல 19-ம் நூற்றாண்டுல இருந்து மின்ஸ்ட்ரல் மேடைன்னு ஒண்ணு ஓடுச்சு. வெள்ளைக்காரங்க கார்க்கை எரிச்சு அந்தக் கரிய மூஞ்சில பூசி, ஒதட்டைப் பெருசா வரைஞ்சு, கறுப்பினத்தவரைக் கேலி பண்ணிப் பாடி ஆடுவாங்க. கார்ட்டூன் மொளச்சதே அந்த மேடைக்குப் பக்கத்துலதான். வார்னர் ஸ்டூடியோ கார்ட்டூன்ல மொத நட்சத்திரம் பாஸ்கோ, 1930-லயே வந்துட்டான், அவனை உருவாக்குனவங்க கறுப்பினப் பையன்னு சொல்லித்தான் பதிவே பண்ணாங்க. வெள்ளைக் கையுறை போட்ட பிராணிங்களையும் ஆராய்ச்சி பண்றவங்க அந்த மேடையோட சேத்துத்தான் பேசுறாங்க, கறுப்பு வெள்ளைப் படத்துல கை ஒடம்போட கலந்துரக் கூடாதுன்னு போட்டதுங்கற காரணமும் உண்டு.

அஞ்சு வயசுப் பையன் அந்தக் கரி மூஞ்சியப் பாத்து சிரிக்கிறான்னா அவன் யாரையும் கேலி பண்ணல. அவன் சிரிக்கிறது வெடிக்கு. அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா அதே சிரிப்பு எங்க வகுப்புல கொஞ்சம் கறுப்பா இருந்த பையனுக்கு "கரிச்சட்டி"ன்னு பேரா மாறுனதையும் நான் பாத்திருக்கேன், அதைக் கூப்பிட்ட கூட்டத்துல நானும் ஒருத்தன். எத்தனை தமிழ்ப் பட காமெடில கறுப்புங்கறதே ஜோக்கா இருந்திருக்கு. கார்ட்டூன் அதைக் கத்துக் குடுத்துச்சுன்னு சொல்ல மாட்டேன், ஆனா எங்களைத் தடுக்கவும் இல்ல.

12 ஏப்ரல், சனி

இதுவரைக்கும் நான் எழுதினதைப் படிச்சா "அந்த அம்மாவைத் தூக்கிரணும்"னு சொல்ற மாதிரி இருக்குன்னு ஒருத்தர் எழுதியிருக்கார். அதுக்கு நேர் எதிர் பக்கம் நான். ஏன்னா ஏற்கனவே ஒரு தடவை தூக்கிப் பாத்துட்டாங்க.

1960-கள்ல பழைய படங்களை டிவிக்கு குடுக்கணும்னு வந்தப்போ, எம்ஜிஎம்-ல சக் ஜோன்ஸ் குழு உக்காந்து இந்த அம்மா வர்ற காட்சிகளை ஒவ்வொரு சட்டமா திரும்ப வரைஞ்சாங்க. பழைய அசைவு மேலயே புது ஆள். யாரு? ஒல்லியா ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு. லில்லியன் ராண்டால்ஃப் குரலை எடுத்துட்டு, ஜூன் ஃபோரே அயர்லாந்து உச்சரிப்புல பேசினாங்க. ட்வீட்டியோட பாட்டிக்குப் பேசுனதும் அவங்கதான், அருமையான கலைஞர், அவங்க மேல எனக்குக் கோவம் இல்ல.

கறுப்பினத்தவர் உரிமைக்காகப் போராடுற என்.ஏ.ஏ.சி.பி மாதிரி அமைப்புங்க இந்த மாதிரி வேலைக்கார வேஷங்களை எதிர்த்துக்கிட்டு இருந்தாங்க, நியாயமான எதிர்ப்பு. அவங்க சொன்னது, எங்களை இப்படி மட்டுமே காட்டாதீங்க. எங்களைக் காட்டவே காட்டாதீங்கன்னு கேக்கல. டிவிக்காரங்களுக்கு சுலபமான வழி ஆளையே மாத்துறது. டாக்டரா வந்தாங்களா, டீச்சரா வந்தாங்களா? 1952-ல 'புஷ்-பட்டன் கிட்டி'யோட அந்த அம்மா நின்னுட்டாங்க. 1954-ல 'பெட் பீவ்'ல இருந்து அந்த வீட்டுக்கு ஒரு வெள்ளைக்காரத் தம்பதி குடி வந்தாச்சு. கேலியா வரைஞ்சாலும் அங்க ஒரு கறுப்பினப் பொம்பளையோட உழைப்பு இருந்துச்சு, ஒரு கறுப்பின நடிகையோட தொண்டை இருந்துச்சு, அந்தம்மாவுக்கு அதுல கூலி இருந்துச்சு. மாத்தி வரைஞ்சதுல மூணும் போச்சு.

1990-கள்ல, அப்போ இந்தப் படங்களோட உரிமைய வச்சிருந்த டர்னர் கம்பெனி இன்னொரு தடவை குரல் மாத்துனாங்க, இந்தத் தடவை தியா விடேல்ங்கற கறுப்பின நடிகை, பேச்சுல இருந்த கொச்சையக் கொறச்சு. காலு திரும்ப கருப்பாச்சு. அது கொஞ்சம் மேல்.

13 ஏப்ரல்

திருத்தம். நேத்து "கூலி போச்சு"ன்னு எழுதிட்டேன். பழைய படத்துக்கு அவங்க எப்பவோ சம்பளம் வாங்கியாச்சு, 1960-கள்ல குரலை எடுத்ததுனால புதுசா கூலி போகல. போனது குரல். கோவத்துல எழுதினது, சுட்டிக்காட்டுனவருக்கு நன்றி. மத்ததுல நான் மாறல.

13 ஏப்ரல், மாலை

ஸ்பீடி கொன்சாலஸ் பத்தி எழுதச் சொன்னாங்க. அது வேற கதை, அதனாலயே முக்கியம்.

மெக்சிகோ எலி, பெரிய தொப்பி, வெள்ளை உடுப்பு, மின்னல் வேகம். 1955-ல அவன் பேரையே தலைப்பா வச்சு வந்த படம் ஆஸ்கர் வாங்குச்சு. குரல் மெல் பிளாங்க், மெக்சிகோக்காரர் இல்ல. 1999 வாக்குல அமெரிக்க கார்ட்டூன் நெட்வொர்க் இதை ஓட்டுறதை நிறுத்திட்டாங்க, மெக்சிகோக்காரங்க மனசு புண்படும்னு. கடைசில, எங்க ஸ்பீடிய திரும்பக் குடுங்கன்னு கேட்டவங்கள்ல லத்தீன் அமெரிக்கக் குடிமக்கள் சங்கமே இருந்துச்சு! 2002-ல திரும்ப வந்தான்.

ஏன் கேட்டாங்க? என் கணிப்பு இதுதான்: அவனுக்கு மொகம் இருக்கு, பேரு இருக்கு, ஒவ்வொரு தடவையும் அவன்தான் ஜெயிக்கிறான். அமெரிக்கப் பூனை சில்வெஸ்டர் மூச்சு வாங்கும், இவன் பாலாடைக்கட்டியத் தூக்கிட்டு ஊருக்கே குடுப்பான். அதே சமயம் அவனைச் சுத்தி இருக்கிற மத்த எலிங்களைப் பாருங்க, தொப்பிய மூஞ்சில கவுத்துட்டுத் தூங்குதுங்க, இல்ல குடிச்சுட்டுத் தள்ளாடுதுங்க. ஒருத்தன் வேகம்னு காட்ட ஊரையே சோம்பேறியாக்கிட்டாங்க. அதை மெக்சிகோக்காரங்களும் பாக்காம இல்ல, பாத்துட்டுதான் அவனை விட்டுக் குடுக்கல.

இதை அந்த அம்மாவோட ஒப்பிட முடியாது. அந்த அம்மா எதுலயும் ஜெயிக்கிறதில்ல. நாற்காலி மேல ஏறிக் கத்துறாங்க, எலியப் பாத்து.

15 ஏப்ரல்

"அதான் 1968-லயே பதினொரு படத்தை மூடி வச்சாங்களே, அதோட முடிஞ்சுதுல்ல?" முடியல. அப்போ வார்னரோட பழைய கார்ட்டூன்களுக்கு உரிமை வச்சிருந்த யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் அதுல 11 படங்களை டிவிக்குக் குடுக்கவே கூடாதுன்னு எடுத்து வச்சாங்க, முழுப் படமுமே இனக் கேலி, வெட்டினாலும் மிச்சம் இருக்காதுன்னு. மத்ததுல வெட்ட முடிஞ்சதை வெட்டி ஓட்டுனாங்க.

எனக்குப் பிடிச்ச வழி 2005-ல மத்த பழைய கார்ட்டூன்களை டிவிடி போட்டப்போ பண்ணது. வூப்பி கோல்ட்பர்க் வந்து நின்னு பேசினாங்க. இந்தப் படங்கள்ல இருக்கிற கேலி அன்னைக்கும் தப்பு, இன்னைக்கும் தப்பு, ஆனா வெட்டி எடுத்தா அப்படி ஒண்ணு நடக்கவே இல்லன்னு சொல்ற மாதிரி ஆயிரும்னாங்க. ஒரு கறுப்பின நடிகை நேரா மொகத்தைக் காட்டி அதைச் சொன்னதுதான் பெருசு. கேள்வி கேட்டவர் எச்சரிக்கை வாசகத்தை ஒரு தொல்லை மாதிரி சொல்லியிருந்தார், எனக்கு அது தொல்லையா தெரியல, ரெண்டு வரி படிக்க அஞ்சு செகண்டு.

20 ஏப்ரல், ஞாயிறு

சொன்னதைச் செய்யணும்ல. என் பொண்ணுக்கு ஆறு வயசு. 'சாட்டர்டே ஈவ்னிங் புஸ்', 1950 படம், அவளோட உக்காந்து பாத்தேன். இதைத் தேடி எடுத்ததுக்குக் காரணம் இருக்கு. சனிக்கிழமை ராத்திரி, அந்த அம்மா சிங்காரிச்சுக்கிட்டு சீட்டாடப் போறாங்க. டாம் கூட்டாளிப் பூனைங்களைக் கூட்டியாந்து பாட்டுக் கச்சேரி, ஜெர்ரிக்குத் தூக்கம் வரல, போனைப் போட்டு அவங்களைக் கூப்பிட்டுருது. ஆட்டத்தை விட்டுட்டு அவங்க நேரா கேமராவைப் பாத்து ஓடி வர்றாங்க, அப்போ கண்ணிமைக்கிற நேரம் மொகம் தெரியும். நான் நிறுத்தி நிறுத்திப் பாத்தேன். உருண்டை மொகம், அவசரம். கண்ணு நல்லா விரிஞ்சிருக்கு.

இந்தப் படத்தையும் மாத்தி வரைஞ்சாங்க. அதுல ஒரு ஒல்லிப் பொண்ணு காதலனோட டான்ஸ் ஆடப் போறா. சனிக்கிழமை ராத்திரி ஒரு நாள் கெளம்புனாங்க, அதையும் புடுங்கிட்டாங்க. எனக்கு எல்லாத்தையும் விட இதுதான் வலிக்குது. எங்க அம்மாச்சியும் மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை மேட்னி போவாங்க, பவுடர் போட்டு, மஞ்சள் கலர் சுங்கடி கட்டி, பக்கத்து வீட்டுப் பாட்டியோட. வேலை பாத்த மூணு வீட்டுல ஒருத்தரும் அந்த அம்மாச்சியப் பாத்ததில்ல.

4 மே

ஒருத்தர் விடாம கேக்குறார், அந்த அம்மா வேலைக்காரியா, வீட்டுக்காரியான்னு. நானே மேல 'வேலைக்காரி'ன்னு முடிவு பண்ணித்தான் எழுதியிருக்கேன். திரும்பப் பாத்தா நிறையப் படத்துல அவங்களுக்கு மேல வேற மொதலாளி கண்ணுலயே படறதில்ல. மொகம் தெரியாத, கறுத்த, தொடப்பம் பிடிச்ச ஒரு பொம்பளையப் பாத்ததும் வீடு இவங்களோடதா இருக்காதுன்னு நான் இருபது வருஷமா நெனச்சிருக்கேன், அதுவும் எங்க அம்மாச்சிக்குப் பேரனா இருந்துக்கிட்டு.

பொண்ணுகிட்ட கேட்டேன். அவ யோசிக்கவே இல்ல.

"அந்த ஆன்ட்டி வீடுதான்ப்பா. அவங்கதான் டாமை வேலைக்கு வச்சிருக்காங்க, எலி புடிக்க. ஒழுங்காப் புடிக்கலன்னா அனுப்பிருவாங்க."

போட்டுப் பாருங்க, அவ சொல்றதுதான் சரியா இருக்கு.